வீட்டுக் கணக்கு: குடும்பஸ்தர்களுக்கு ஒரு பாடம்



மாதத்தின் கடைசி வாரத்தில் நமது சங்கத்தின் வாசற்படியை மிதிப்பவர்களில் பாதிப் பேர் ஒரே விஷயத்துக்காகத்தான் வருகிறார்கள். ஒருவருக்கு வீட்டு வாடகைக்கு 200 வெள்ளி குறைகிறது. இன்னொருவருக்குப் பிள்ளையின் பள்ளிச் செலவுக்குக் கைமாற்று வேண்டும். மூன்றாமவர் எதையும் சொல்லாமல் சற்று நேரம் உட்கார்ந்திருந்து, ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுகிறார். இவர்களில் சோம்பேறி என்று சொல்லத்தக்கவர் ஒருவருமில்லை. விடியற்காலையில் கடை திறந்து நள்ளிரவில் கதவடைக்கும் உழைப்பாளிகள் இவர்கள். அப்படியிருந்தும் கையில் காசு நிற்காததற்குக் காரணம், பெரும்பாலும் வருமானக் குறைவு மட்டுமன்று. வீட்டில் கணக்கு இல்லாமையும் ஆகும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னது வியாபாரிக்கு மட்டும் சொன்னதல்ல. ஆகவே இந்த இதழில் வீட்டுக் கணக்கைப் பற்றி நாம் ஒரு பாடமாகப் படிப்போம்.

பினாங்கு கண்ட ஒரு பாடம்

முதலில் நம் ஊரின் பழைய கதை ஒன்றை நினைவுபடுத்திக்கொள்வது நலம். ஜார்ஜ்டவுனில் ஆச்சே வீதியும், 1808-ல் அங்கே எழுந்த பள்ளிவாசலும் நம் எல்லாருக்கும் தெரிந்த இடங்கள். கப்பலில் ஹஜ்ஜுக்குப் போன காலத்தில், வடமாநிலங்களிலிருந்து வந்த ஹாஜிகள் அங்கேதான் கூடுவார்கள். தங்கும் விடுதி, பிரயாணச் சீட்டு, சாமான்கள் எல்லாம் அந்த வட்டாரத்திலேயே கிடைக்கும். 1970-களில் கடல் பிரயாணம் நின்று ஆகாய விமானமே வழியாகும் வரையில் இந்த நடமாட்டம் நீடித்தது.

அந்த ஹாஜிகளில் பலர் எப்படிப் பணம் திரட்டினார்கள்? சிலர் தலையணைக்குள்ளும் தகரப் பெட்டியிலும் பல வருஷங்கள் சேர்த்தார்கள். கறையானும் கள்ளனும் தின்றது போக மிஞ்சியதே அவர்களுக்குக் கிடைத்தது. வேறு சிலர் வயலையும் எருமையையும் விற்றார்கள். கடமையை நிறைவேற்றித் திரும்பியபோது, உழுவதற்கு நிலமோ பிழைப்பதற்கு வழியோ இல்லாமல் நின்றவர்கள் உண்டு. வட்டி கலந்துவிடும் என்று அஞ்சி அவர்கள் வங்கியை நாடவில்லை. அவர்களுடைய அச்சம் நியாயமானதே. ஆனால் அவர்களுக்கு வேறு வழி காட்டுவார் இல்லை.

இந்த நிலையைக் கண்ட பொருளாதார அறிஞர் உங்கு அஸீஸ் அவர்கள், 1959-ல் அரசாங்கத்திடம் ஒரு திட்டம் கொடுத்தார். வட்டியில்லாமல் ஹாஜிகள் சிறுகச் சிறுகச் சேமிக்கவும், அந்தத் தொகையை ஹலாலான தொழில்களில் முதலீடு செய்து லாபத்தைப் பகிர்ந்து கொடுக்கவும் ஒரு நிறுவனம் வேண்டும் என்பதே அதன் சாரம். அதன்படி ஹாஜிகள் சேமிப்பு நிறுவனம் 1962-ல் அமைக்கப்பட்டு, 1963 செப்டம்பர் 30-ல் வேலை தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் 1,281 பேர்தான். அவர்கள் போட்ட தொகை ஏறத்தாழ 46,600 வெள்ளி. ஹஜ்ஜுக் காரியங்களைக் கவனிக்க 1951 முதல் நம் பினாங்கில் இயங்கிவந்த அலுவலகத்துடன் 1969-ல் அது இணைந்தது. இன்று நாம் தாபோங் ஹாஜி என்று அழைப்பது அதைத்தான்.

அன்றைய தொகையை 1,281 பேருக்கும் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு 37 வெள்ளி கூட வராது. அத்தனை சிறிய தொகைகளிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. இந்தக் கதையிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, நல்ல காரியத்துக்கென்றாலும் பிழைப்புக்குரிய முதலை விற்றுச் செலவு செய்யலாகாது. இரண்டு, சேமிப்பு சிறிதாக இருப்பது குற்றமல்ல. தொடங்காமல் இருப்பதே குற்றம்.

இன்று ஹஜ்ஜுக்குப் பதிவு செய்துகொள்ள தாபோங் ஹாஜிக் கணக்கில் 1,300 வெள்ளி இருக்கவேண்டும். வாரம் 25 வெள்ளி ஒதுக்குகிறவர் சரியாக 52 வாரங்களில் அந்தத் தொகையை எட்டிவிடுவார். காத்திருப்போர் வரிசை மிக நீளமானது. ஆகவே பிள்ளைகளின் பேரில் இளமையிலேயே கணக்குத் திறந்து பதிவு செய்வது புத்திசாலித்தனம்.

வரவும் செலவும் ஏட்டில் ஏறட்டும்

இனி வீட்டுக்குள் வருவோம். ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கணவர் நாசி கண்டார் கடையில் வேலை செய்கிறார். பிடித்தம் போகக் கைக்கு வருவது 2,300 வெள்ளி. மனைவி வீட்டில் பலகாரம் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறார்; செலவு போக 700 வெள்ளி கிடைக்கிறது. மொத்தம் 3,000 வெள்ளி. இதை இப்படி வகுக்கலாம்:

வீட்டு வாடகை 800
மளிகை, மீன், காய்கறி 900
மின்சாரம், தண்ணீர், தொலைபேசி 220
மோட்டார் சைக்கிள் தவணையும் பெட்ரோலும் 280
பிள்ளைகளின் படிப்பு 250
ஊரிலுள்ள தாயாருக்கு 300
சேமிப்பு 150
மருந்து, அவசரம் 50
தர்மம், பள்ளிவாசல் சந்தா 50

கூட்டிப் பாருங்கள், 3,000 வெள்ளி சரியாக வரும். இந்தப் பட்டியல் எல்லாருக்கும் பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்கு உங்கள் பட்டியல். ஆனால் மூன்று விதிகள் எல்லாருக்கும் பொது.

முதல் விதி: மிஞ்சியதைச் சேமிப்போம் என்று இருக்கலாகாது. மிஞ்சுவது என்பது ஒருநாளும் நடவாது. சம்பளம் வந்த அன்றே சேமிப்பை எடுத்து வேறாக வைத்துவிட வேண்டும்.

இரண்டாவது விதி: எழுதவேண்டும். மூன்று வெள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். ஒரு மாதம் காசு தவறாமல் எழுதினால், எங்கே ஒழுகுகிறது என்று தானே தெரியும். கடைத் தேநீருக்கும் சிற்றுண்டிக்கும் நாளொன்றுக்கு 6 வெள்ளி என்றால் அது பெரிதாகத் தோன்றாது. மாதத்துக்கு 180; வருஷத்துக்கு 2,190. தேநீரே கூடாது என்று நாம் சொல்லமாட்டோம். சொன்னாலும் பினாங்கில் யார் கேட்பார்கள்? ஐந்து தடவை என்பது மூன்று தடவை ஆகட்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது விதி: கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்க்கவேண்டும். சம்பளம் எவ்வளவு என்று மனைவிக்குத் தெரியாத வீடுகள் நம்மில் இன்னும் இருக்கின்றன. வரவு தெரியாதவள் செலவை எப்படி அளப்பாள்? அதோடு மனைவியின் சம்பாத்தியமும் அவளுடைய மஹரும் நகையும் அவளுக்கே சொந்தம் என்பதையும் மறக்கக்கூடாது. அவள் மனமுவந்து குடும்பத்துக்குக் கொடுத்தால் அது அவளுடைய நன்மை. கடனாகக் கொடுத்தால் அது கணவன் தீர்க்கவேண்டிய கடன்.

இந்தச் சேமிப்பு எதுவரை வளரவேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். மூன்று மாதச் செலவு கையிருப்பில் இருக்குமானால், வேலை போனாலும் நோய் வந்தாலும் குடும்பம் குலையாது. நபி யூசுஃப் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் ஏழு செழிப்பான வருஷங்களின் தானியத்தை ஏழு பஞ்ச வருஷங்களுக்குக் காத்துவைத்த சரித்திரத்தை நாம் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்கிறோம். அதைப் பெரியவர்களும் பாடமாகக் கொள்ளலாம்.

கூட்டுப் பிடித்தல்

நம் தாய்மார்களிடையே கூட்டுப் பிடிக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. பத்துப் பேர் மாதம் 200 வெள்ளி வீதம் போட்டு, மாதம் ஒருவர் 2,000 வெள்ளி எடுப்பது. நம்பிக்கையுள்ளவர்களிடையே இது சேமிப்புக்குத் துணை என்று தோன்றும். ஆனால் தலைவி முதல் மாதத்துத் தொகையோடு காணாமற் போனதையும், முதலில் எடுத்தவர் பின்பு கட்ட மறுத்ததையும் எத்தனை முறை பார்த்துவிட்டோம்! ஏலம் விட்டுத் தள்ளுபடிக்கு எடுக்கும் கூட்டில் வட்டியின் சாயலும் சேர்ந்துவிடுகிறது.

மேலும் இந்த நாட்டில் கூட்டு நடத்துவதைத் தடுக்கும் சட்டம் 1971-லேயே வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம் தமிழ்ச் சொல்லான கூட்டு ஏறியிருக்கிறது. இது நமக்குப் பெருமையான விஷயமல்ல. பணம் போனால் போலீசில் சொல்லவும் தயங்கும் நிலை ஏற்படும். அதே 200 வெள்ளியைப் பத்து மாதம் சொந்தக் கணக்கில் போட்டால் அதே 2,000 வெள்ளி யாருடைய தயவுமின்றிக் கிடைக்கிறது. வங்கி அங்கத்தினர்களின் வைப்புத் தொகைக்கு, ஆள் ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 வெள்ளி வரையில் வைப்புக் காப்புறுதிக் கழகத்தின் பாதுகாப்பும் உண்டு. இஸ்லாமிய வைப்புக்குத் தனியாக அதே பாதுகாப்பு இருக்கிறது.

கடன் என்னும் சுமை

கடன் வாங்கலாகாது என்று சொல்வது சுலபம், வாழ்வது கஷ்டம். ஆகவே எந்தக் கடன் என்ன விலை என்பதையாவது தெரிந்துகொள்வோம்.

தவணைக்குப் பொருள் வாங்கும்போது, நூற்றுக்கு எட்டுத்தான் என்று கடைக்காரர் சொல்வார். 8,000 வெள்ளியை மூன்று வருஷத் தவணையில் எடுத்தால், வருஷத்துக்கு 640 வீதம் 1,920 வெள்ளி கூடுகிறது. மாதத் தவணை ஏறக்குறைய 276 வெள்ளி. மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் கூடுதல் தொகை முழு 8,000-க்கும் கடைசிவரை கணக்கிடப்பட்டிருக்கிறது. சரியாகக் கணக்கிட்டால் அது நூற்றுக்கு எட்டு அல்ல, ஏறத்தாழ பதினாலரை. ஆகவே எந்தக் கடனுக்கும், எத்தனை விழுக்காடு என்று கேட்பதோடு, மொத்தம் எவ்வளவு கட்டுவேன் என்றும் கேளுங்கள்.

கடன் அட்டை இன்னொரு கண்ணி. வட்டி வருஷத்துக்கு 18 விழுக்காடு வரை போகும். 5,000 வெள்ளி பாக்கி உள்ளவர் குறைந்தபட்சத் தொகையாக 250 வெள்ளி கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 75 வெள்ளி வட்டிக்கே போய்விட, முதலில் கழிவது 175 தான். அந்த மாதமே அட்டையில் இன்னும் 200 வெள்ளிக்குச் சாமான் வாங்கினால், கடன் குறையவே இல்லை. முழுத் தொகையையும் மாதந்தோறும் கட்ட இயலாதவர் அட்டையை வீட்டுப் பெட்டியில் பூட்டிவைப்பதே நலம்.

அவசரத்துக்கு நகையை வைப்பது நம்மவர் வழக்கம. அடகுக் கடையில் சட்டப்படி மாதத்துக்கு 2 விழுக்காடு வட்டி வாங்கலாம். ஆறு மாதத்தில் மீட்கவேண்டும். 2,000 வெள்ளிக்கு ஆறு மாதத்தில் 240 வெள்ளி வட்டி. இதற்கு மாற்றாக அர்-ரஹ்னு என்னும் இஸ்லாமிய அடகு முறை 1992-ல் திரங்கானுவிலும் கிளந்தானிலும் தொடங்கி, இன்று நாடெங்கும் நடக்கிறது. அங்கே கடன் வட்டியற்றது. நகையைப் பாதுகாப்பதற்கான கூலி மட்டும் வாங்குவார்கள். அந்தக் கூலி இடத்துக்கு இடம் மாறும். ஆகவே விசாரித்துக்கொண்டு வைப்பது நல்லது. எங்கே வைத்தாலும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மீட்கும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மறதியால் ஏலத்துக்குப் போன தாலியும் வளையலும் கொஞ்சமல்ல.

ஆலோங் என்னும் உரிமமற்ற கந்துவட்டிக்காரரிடம் மட்டும் எந்த அவசரத்திலும் போகவேண்டாம். கடன் தலைக்கு மேல் போய்விட்டால் வெட்கப்படாமல் ஏகேபிகே அலுவலகத்துக்குச் செல்லுங்கள். அது 2006-ல் நெகாரா வங்கி அமைத்த கடன் ஆலோசனை நிலையம். வங்கிகளோடு பேசித் தவணையைத் திருத்தி அமைத்துக் கொடுப்பார்கள். அதற்குக் கூலி கிடையாது. தொலைபேசியில் மிரட்டியோ ஆசைகாட்டியோ யாராவது பணத்தைப் பறித்துவிட்டால், தாமதமின்றி 997 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்லவேண்டும். நேரம் போகப் போகப் பணம் திரும்பும் வாய்ப்பும் குறையும்.

ஊருக்கு அனுப்பும் பணம்

கடையநல்லூருக்கும் இராமநாதபுரத்துக்கும் பணம் அனுப்பாத மாதம் நம்மில் பலருக்கு இல்லை. முற்காலத்தில் உண்டியல்காரர்தான் கதி. இப்பொழுது 2011-ம் ஆண்டின் சட்டப்படி உரிமம் பெற்றவர்களே இந்தத் தொழில் செய்யலாம். கூலி எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒரு வெள்ளிக்கு எத்தனை ரூபாய் தருகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கூலி இல்லை என்று விளம்பரம் செய்துவிட்டு மாற்று விகிதத்தில் எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஊரில் எத்தனை ரூபாய் கையில் விழும் என்று கேட்டு, இரண்டு மூன்று இடங்களில் ஒப்பிட்டால் உண்மை விளங்கும்.

சேமநிதியும் வாரிசுகளும்

ஊழியர் சேமநிதி 1951 முதல் இந்த நாட்டில் இருந்துவருகிறது. மாதச் சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேற்படாத அறுபது வயதுக்குட்பட்ட தொழிலாளிக்கு, அவர் பங்கு 11 விழுக்காடும் முதலாளி பங்கு 13 விழுக்காடும் கட்டப்படவேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டப்பட்டால் போதாது. சேமநிதிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். கடை வைத்திருப்பவர்களும் வீட்டில் தொழில் செய்யும் தாய்மார்களும் தாமே முன்வந்து கட்டலாம். அப்படிக் கட்டுவோர்க்கு ஐ-சாரான் திட்டத்தில் அரசாங்கம் தன் பங்காகவும் ஒரு தொகை சேர்க்கிறது. ஷரீஅத் முறைப்படி சேமிக்க விரும்புவோருக்கு 2017 முதல் தனி ஏற்பாடும் இருக்கிறது.

கொரோனாத் தொற்றுக் காலத்தில், 2020 முதல் 2022 வரை, சேமநிதியிலிருந்து ஏறத்தாழ 145 பில்லியன் வெள்ளி வெளியே எடுக்கப்பட்டது. பசித்தவன் எடுத்தான், அவனைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் எடுத்தவர் மெல்ல மெல்லத் திரும்பச் சேர்க்காவிட்டால், முதுமையில் பிள்ளைகளின் கையைத்தான் பார்க்கவேண்டியிருக்கும்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி. சில வருஷங்களுக்கு முன் நம் சங்கத்துக்கு ஒரு சகோதரி வந்தார். கணவர் முப்பது வருஷம் உணவுக்கடையில் உழைத்து, திடீரென்று மௌத்தாகிவிட்டார். சேமநிதியில் அவர் நியமித்திருந்தது தம் தாயாரை. தாயாரோ மகனுக்கு முன்பே காலமாகிவிட்டார். கலியாணமாகி மூன்று பிள்ளைகள் பிறந்த பிறகும் அந்தத் தாளை மாற்றவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எந்த வங்கியில் கணக்கு இருந்தது என்பதும் அந்தச் சகோதரிக்குத் தெரியாது. நாற்பதாம் நாளுக்கு முன்பே இரண்டு பேர் வந்து, மர்ஹூம் தங்களுக்குக் கடன்பட்டிருந்ததாகச் சொன்னார்கள். உண்மையா, பொய்யா? எழுத்து ஒன்றும் இல்லை. அவர் தாள்களைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலைந்தபோது, கைக்குழந்தை இடுப்பிலே இருந்தது. நாமும் கூடப் போனோம். ஆனால் நம்மால் முடிந்தது கூடப் போவது மட்டுமே.

கடனை எழுதிவைக்கும்படி திருக்குர்ஆன் கட்டளையிடுவதை நாம் அறிவோம். பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம் அதைப் பற்றியது; குர்ஆனிலேயே நீளமான வசனம் அதுதான். சகோதரனுக்குக் கொடுத்தாலும் நண்பனிடம் வாங்கினாலும் தொகை, தேதி, சாட்சி ஆகியவற்றை எழுதிவைப்பது சந்தேகத்தின் அடையாளமல்ல. அன்பு முறியாமல் காக்கும் வேலி. ஒருவர் மறைந்தால் அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத மரணசாசனம், அதன் பிறகே வாரிசுகளின் பாகம் என்பது சட்டம். கடன் எவ்வளவு என்று தெரியாவிட்டால் பாகம் எப்படிப் பிரிப்பது?

சேமநிதி நியமனத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. முஸ்லிம் அங்கத்தினர் நியமிக்கும் ஆள் அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர் அல்ல. அதைப் பெற்று ஃபராயிள் முறைப்படி வாரிசுகளுக்குப் பங்கிடும் பொறுப்பாளர் அவர். ஆகவே நம்பிக்கையும் விவரமும் உள்ளவரை நியமியுங்கள். கலியாணம், பிள்ளைப்பேறு, மௌத்து ஆகிய ஒவ்வொன்றின் பிறகும் நியமனத்தை மறுபடி பாருங்கள்.

இந்த வாரம் செய்யவேண்டியவை

படித்ததோடு பாடம் முடிந்துவிடாது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் நாலு காரியங்களைச் செய்யுங்கள்.

ஒன்று, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வரவு செலவு எழுதத் தொடங்குங்கள்.

இரண்டு, வாரம் 25 வெள்ளியோ, இயலாதவர் 5 வெள்ளியோ சேமிப்பில் போடுங்கள்.

மூன்று, நீங்கள் பட்ட கடனையும் உங்களுக்கு வரவேண்டிய கடனையும் ஒரே தாளில் எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிடுங்கள்.

நாலு, உங்கள் வங்கிக் கணக்கு, சேமநிதி, தாபோங் ஹாஜி, அடகுச் சீட்டு, வீட்டுப் பத்திரம் ஆகியவை எங்கே இருக்கின்றன என்பதை மனைவியிடம் சொல்லிவையுங்கள். கடவுச்சொற்களை ஊராரிடம் சொல்லவேண்டாம்; தாள்கள் இருக்கும் பெட்டியை வீட்டாருக்குக் காட்டினால் போதும்.

மேலே சொன்ன சகோதரியின் பிள்ளைகளில் மூத்தவன் இப்போது வேலைக்குப் போகிறான். முதல் சம்பளம் வாங்கிய மாதத்தில் நம்மிடம் வந்து, சேமநிதி நியமனத் தாளை எப்படி நிரப்புவது என்று கேட்டான். தாயாரின் பெயரை எழுதினான். கலியாணமானதும் மறுபடி வந்து மாற்றுவேன் என்று தானாகவே சொன்னான். அந்தப் பிள்ளை கற்ற பாடத்தை, அவன் பட்ட துன்பம் படாமலேயே நாம் எல்லாரும் கற்றுக்கொள்ளலாம்.

அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்து, கடன் சுமையிலிருந்து நம் குடும்பங்களைக் காப்பானாக. ஆமீன்.